பின்சீட்டில் ஆமை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆமை என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ தெரியவில்லை. வைத்தவர் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். மனிதர் தன் கல்யாணத்துக்கே கடைசி ஆளாக வந்து சேர்ந்தவர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் முதலில் அதில் ஏறி மேலும் கீழும் போய் வருவார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறவர்கள் காட்டுக்கத்தல் கத்துவார்கள். அவரோ லிஃப்ட் சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஸ்பேனர் பைக்குள்ளேயே கிடக்கும். ஆனால் அவர் கை வைத்துச் சரியான லிஃப்ட் மறுபடி அதே நோயில் படுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அவருடைய பள்ளித்தோழர் பெயிண்டர் இதற்கு நேர் எதிர். முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்த டப்பாவைத் திறந்துவிடுவார். அவசரக்குடுக்கை என்று மனைவி கூப்பிடுவாள், அதற்கும் அவசரமாகத் திரும்பிப் பார்ப்பார்.

பெயிண்டரின் பழைய பைக் சில மாதங்களாகப் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தது. பெயிண்டர் சும்மா இருப்பாரா? ஒரே மத்தியானத்தில் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், செயினைப் புதிதாகப் போட்டார். வண்டி முன்பைவிடப் பளபளப்பாகக் குடித்தது. கடைசியில் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவாகி, மச்சான் வாங்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். அன்று சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துப்போவதாகப் பேச்சு.

கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி அது. மனைவி கேட்ட நீலத்தை டாங்கில் அவரே தன் கையால் அடித்திருந்தார். காதலைச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனால் ஒரு மழை நாளில், மேம்பாலத்துக்குக் கீழே உள்ள வளைவில், இருவரும் வழுக்கி விழுந்தார்கள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு இரண்டு நாள் பின்சீட்டில் வந்தவள், அப்புறம் வேலைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பின்சீட்டு காலியாகப் போகிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன பண்ண என்பதுதான் அவர் மனசை அரித்தது. வண்டி போய்விட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும் என்று நினைத்தார், பாவம்.

ஆள் வருவதற்குள் வண்டியை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லியிருந்ததால், மத்தியானம் ஆமை வந்தார். பெயிண்டர் ஸ்பேனரை நீட்டினார்.

"அது எதுக்கு? முதல்ல சாவியக் குடு."

"டேய், சாயங்காலம் ஆள் வந்துருவான்டா. ஓட்டிப் பார்க்கவா நேரம்?"

"நீ ஒரே நாள்ல நாலு மருந்து குடுத்துட்டே. வியாதி எதுன்னு அதுக்கே மறந்து போயிருக்கும்."

ஆமை டாங்கின் குழாயை மூடினார். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஒரு கோடு வரை பெட்ரோல் ஊற்றி, ஹேண்டில்பாரில் கட்டி, ஒரு டியூபை கார்புரேட்டருக்கு இழுத்தார். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பி வந்தார். பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது.

மறுபடி அதே கோடு வரை ஊற்றினார். "இப்ப நீ போ. அதே ரோடு, அதே வேகம்."

பெயிண்டர் திரும்பி வரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாட்டில் வறண்டு கிடந்தது. அவர் முகம் அதைவிட வறண்டிருந்தது.

"அப்ப என்னதான்டா சொல்ல வர்றே? வண்டி என்னை மட்டும் ஏமாத்துதா?"

ஆமை பாட்டிலை நிரப்பிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு."

ஒரு சுற்று போய் வந்தார்கள். இறங்கியதும் ஆமை பின்சக்கரத்து டிரம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். சொய்யென்று சத்தம் வந்தது.

"உன் வலது கால் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"எங்க இருக்கும்? என் உடம்புலதான்."

"பிரேக் மேல இருக்கு. கிளம்புனதுலேர்ந்து எடுக்கவே இல்ல."

பெயிண்டர் சிரிக்கப் போனார், சிரிப்பு வரவில்லை. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் ரோட்டில் போகிற எவனாவது கத்தியிருப்பான். இருவரும் வழுக்கி விழுந்த அன்றைக்கே அந்த பல்பு உடைந்துவிட்டது. வண்டியில் எல்லாவற்றையும் மாற்றினவர் அதை மட்டும் மாற்றவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் ஊரைச் சுற்றியிருக்கிறார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள், நான் உட்பட. ஆமை அப்போதுதான் முதன்முறையாக ஸ்பேனரைக் கையில் எடுத்தார். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றினார், பல்பைப் போட்டார். பிறகு பிரேக் பெடலை ஒரு நூல் கீழே இறக்கி, கொஞ்சம் ஆட்டமும் விட்டு முடுக்கினார்.

"உன் கால் பயத்த மறக்க நாளாகும். அதுவரைக்கும் பெடல் கொஞ்சம் இறங்கியே இருக்கட்டும்."

"பிடிக்குமாடா?"

"வேணும்னு மிதிச்சா பிடிக்கும். சும்மா பயந்து வச்சா பிடிக்காது."

மனிதனைத் திருத்தக் கிளம்பாமல், அவன் பயத்துக்கு இடம் கொடுத்து இரும்பைத் திருத்திய அந்த ஆளை எப்படிப் புகழ்வது? லிஃப்டில் சிக்கினவர்களிடமும் அவர் அப்படித்தான், கதவைத் திறந்ததும் முதலில் அழுகிற ஆளுக்கு வழி விடுவார்.

ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கீழே வந்தாள்.

"அண்ணே, இவரு குலுக்கிக் குலுக்கி ஓட்டுனதாலதான் நான் ஏறல. ஒவ்வொரு திருப்பத்துலயும் இவரு உடம்பு அப்படி விறைக்கும். பின்னாடி உக்காந்திருக்குற எனக்கும் அந்த நாளே திரும்பத் திரும்ப வரும்."

"சொல்லியிருக்கலாமே," என்றார் பெயிண்டர்.

"நீங்க கேட்டிருக்கலாமே."

மச்சானுக்கு அவளே போன் செய்தாள். "அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லு. வண்டி குடுக்கல." பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். ஆமை பாட்டிலை அவிழ்த்து, டாங்கின் குழாயைத் திறந்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வண்டி அவரைத் தாண்டிவிட்டது.

மேம்பாலத்து வளைவு வந்ததும் பெயிண்டரின் பாதம் தானாகப் பெடலைத் தேடிப் போனது. தோளில் அவள் கை விழுந்தது.

"காலை எடுங்க. நான் நல்லாதான் உக்காந்திருக்கேன்."

அவர் காலை எடுத்தார்.