தாணு சார் எனக்கு மட்டும் சொன்னது

தாணு சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி தாணு சாருடைய போனிலிருந்தே வந்தது. அனுப்பியது அவர் மனைவி என்று இப்போது தெரியும். அன்று காலை எங்களில் ஒருவருக்கும் அழுகை வரவில்லை. ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, உனக்கு என்ன என்று வந்திருக்கிறது, எந்த ஆஸ்பத்திரி என்று போட்டிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் ஒரே வரிதான் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே செய்தி உண்மை என்று நம்பினேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மற்றவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

கழக்கூட்டம் என்ற ஊரில் இருக்கிற எங்கள் கம்பெனி ‘அடுக்களைப் போர்’ என்ற வீடியோ கேம் வரிசையைச் செய்கிறது. சமையற்காரர்கள் மேடையேறி அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு அது. ஒருத்தி புட்டுக்குழலைத் தோளில் தாங்கிக் கொதிக்கும் ஆவியை எதிராளி மேல் விடுவாள். ஒருவன் பரோட்டா மாவை வீசிக் கழுத்தில் சுற்றி இழுப்பான். தோற்றவன் தலையில் கடைசி அடியாக ஏதாவது ஒரு பதார்த்தம் வந்து விழும். ஒவ்வொரு பாகத்தையும் வெளியிடும் முன் விளையாடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கும் எங்கள் குழுவுக்குத் தாணு சார் தலைவர். சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வாங்கிய சம்பளத்துக்கு மேலேயே சந்தேகப்பட்டார்.

ஓணத்துக்கு அலுவலகத்தில் சத்யை விருந்து போட்டால், பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக் குடித்ததும், அவர் முகம் கோணாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தன் தம்ளரைத் தொடுவார். வேலையிலும் அப்படியே. பரோட்டாக்காரன் மாவு வீசும்போது எதிராளி குனிந்துகொண்டால் ஒரு அடியும் படுவதில்லை என்று ஒருநாள் கண்டுபிடித்தார். வடிவமைத்தவர்கள், அது வேண்டுமென்றே வைத்தது என்று சமாளித்தார்கள். தாணு சார் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, “வேணும்ணு வச்சதுண்ணா நேத்தைக்கே சொல்லியிருக்கணும். பிடிபட்ட பொறவு சொல்லப்பிடாது” என்றார். அந்த வாக்கியத்தை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை அது என் மேலேயும் விழுந்தது.

மூன்றாம் பாகம் வெளிவரும் முன்னாலேயே அதன் ரகசியங்கள் இணையத்தில் கசிய ஆரம்பித்தன. எங்கள் குழுவில்தான் ஆள் இருக்கிறது என்று சார் முடிவுகட்டினார். ஒவ்வொருவரையும் தனியாக மாடிப்படிக்கு அழைத்து, புதிய வீராங்கனையின் கடைசி அடி என்ன பதார்த்தம் என்று காதோடு சொன்னார். ஆளுக்கொரு பொய். ஒருவருக்கு அவியல், ஒருவருக்கு இஞ்சிக்கறி, எனக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கு. அடுத்த வாரமே ஒரு ரசிகர் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு வந்துவிட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படி வெளியே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அறைத்தோழியைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து நாற்காலிக்காரனைச் சந்தேகப்பட்டேன், சில நாள் தாணு சாரையே சந்தேகப்பட்டேன். “சார், நான் இல்லை” என்று நேரே போய்ச் சொன்னேன். பிடிபட்ட பிறகு சொல்லக் கூடாது என்ற அந்தப் பல்லவியைப் பாடிவிட்டு, “நீ இல்லண்ணா நல்லதுதானே மக்ளே” என்று திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மேலிடத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் நான்காம் பாகத்தின் வேலை தொடங்கியபோது அதில் என் பெயர் இல்லை. பழைய பாகங்களைப் புதிய போன்களில் ஓட்டிப் பார்க்கும் வேலைக்குத் தள்ளப்பட்டேன். நான் அருகே போனால் அவர் திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். அந்தச் சாய்ப்பு எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது. அவர் ஒரு நாளாவது ‘நீ இல்லை ஷீபா’ என்று சொல்லிவிட மாட்டாரா என்று கிடந்தேன்.

போன மாதம் கேன்டீனில் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அப்படி உட்காருகிற ஆள் அல்ல. குரலைத் தாழ்த்தி, “வெள்ளிக்கிழமை எனக்கு வயித்துல ஆப்பரேஷன். பிழைக்கது சந்தேகந்தான்ணு டாக்டர் சொல்லுகாரு. உங்கிட்ட மட்டும் சொல்லுகேன், வேற ஆருட்டயும் சொல்லாத கேட்டியா” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: மற்றவர்களுக்கு என்ன சொல்லியிருப்பார்? இதயமா, சிறுநீரகமா? “சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டேன். எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. நாகர்கோவிலில் சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டிருப்பதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இந்தத் தடவை என்னைப் பிடிக்க முடியாது சார், உதட்டைத் தைத்துக்கொண்டு இருப்பேன், திரும்பி வந்து ஏமாந்து நில்லுங்கள் என்று நினைத்தேன். அந்த நாட்களை நான் சந்தோஷமாகவே கழித்தேன்.

சாலை பஜாருக்குப் பின்னால், அரிசி மண்டிகளைத் தாண்டிப் போகும் சந்தில் அவர் வீடு. செய்தி வந்த அன்று எல்லோரும் போனோம். உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மற்றவர்கள் மாலை வைத்துவிட்டு வெளியே நின்றார்கள். அவர் மனைவி பகவதி அக்கா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, நீதான் ஷீபாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆப்பரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்ச நேரம் தொட்டு ஒரே கேள்விதான் மோளே. ஆபீஸ்ல இருந்து ஆராவது விளிச்சாங்களா, ஆராவது வந்தாங்களாண்ணு. தினமும் கேப்பாரு. இல்லண்ணு சொல்லிச் சொல்லி எனக்குச் சங்கடமாப் போச்சு. அவருக்கு அது சந்தோஷமாக்கும். ‘பாத்தியா, அவ ஆருட்டயும் சொல்லல. அப்போ அண்ணைக்கும் சொன்னது அவ இல்ல, நான்தான் அந்தப் பிள்ளய வெறுதே வதைச்சுட்டேன்’ணு சொல்லுவாரு. திரும்பி வந்ததும் உன்ன புது வேலையில சேக்கணும்ணு இருந்தாரு.”

இத்தனை காலம் நான் காத்திருந்த வார்த்தை அது. ஆஸ்பத்திரியில் ஒருவரும் எட்டிப் பார்க்காததையே என் நேர்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு மனுஷன் சந்தோஷப்பட்டிருக்கிறார். அக்கா என் கன்னத்தைத் தொட்டு, இவ்வளவு பெரிய விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு எப்படித் தாங்கினாய் என்று கேட்டார். சார் சொல்லக் கூடாது என்று சொன்னாரே அக்கா என்றேன். அதுவும் உண்மைதான். நான் அவரை நம்பவே இல்லை என்பதை அந்த இடத்தில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தாணு சார் தன் வாழ்நாளில் சோதிக்காமல் ஒன்றையும் நம்பியதில்லை. கடைசியில் என்னை நம்பினார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்கிறேன், திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் சார், ஒரு பை ஆரஞ்சோடு ஆபீஸையே திரட்டிக்கொண்டு உங்கள் கட்டிலருகே வந்து நின்று, உங்கள் சோதனையில் நான் தோற்றுப்போயிருக்கலாம்.