நல்லது இருந்தால் மட்டும்

யாரோ ஒரு பெண்மணியின் ஸ்கேன் ரிப்போர்ட் என் மெயிலுக்கு வந்திருந்தது. அதிலிருந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் அவருடைய கணவர். நான் தினமும் நடக்கப் போகும் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். பேச்சின் நடுவே பையிலிருந்த போனை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மெயில் அட்ரஸ் தப்பாக் குடுத்திருக்கீங்க. மாத்திடுங்க சார்," என்றேன்.

"தெரிஞ்சேதான் மாத்திக் குடுத்தேன். எங்க ஊட்ல ரெண்டு பேருக்கும் ஒரே போனு. எனக்குக் கண்ணு சரியில்ல. எது வந்தாலும் அவங்கதான் சத்தமா படிச்சுக் காட்டுவாங்க. இதையும் அவங்களே படிக்கணுமா, சொல்லுங்க. யாருக்கும் போவாதுன்னு நெனச்சேன்."

ரிப்போர்ட்டைக் காட்டலாம் என்று என் போனை நீட்டினேன். திரைமேல் கையை வைத்து மூடிவிட்டார்.

"வேணாம் சார். கெட்டதை டாக்டரே சொல்லிடுவாரு. இனிமே வர்றதுல நல்லது எதுனா இருந்தா மட்டும் ஒரு போன் பண்ணுங்க."

"அவங்க எடுத்துட்டா?"

"நல்லதுதானே, அவங்ககிட்டயே சொல்லுங்க."

பிறகும் ரிப்போர்ட்டுகள் வந்தன. எதிலாவது ஒரு நல்ல வரி இருக்காதா என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை படித்தேன். ஒருமுறைகூட அவரை அழைக்க முடியவில்லை.

இப்போது மெயில் வருவதும் நின்றுவிட்டது. அவருடைய போனில் வருவதை யார் படித்துக் காட்டுகிறார்களோ, தெரியவில்லை.