குதிரை டாக்டர் படிப்புக்குக் கல்லூரி தேடிப் போன பயணம்: காரைக்கால், பேரளம், சென்னை

குதிரை மருத்துவத்துக்குப் போக வேண்டுமென்றால் எந்தக் கால்நடைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், நேரில் போய்ப் பார்ப்பது அவசியமா என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். அவசியம்தான். நான் 1956 கோடையில் அப்படிப் போனேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இன்றைய கட்டணமும் விதிமுறையும் எனக்குத் தெரியாது, அவற்றைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது அவ்வளவாக மாறிவிடவில்லை.

காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஜட்கா வண்டிகள் நிற்கும். காலையில் கண் விழித்தால் முதலில் காதில் விழுவது குதிரை கொள் மெல்லும் சத்தம். எனக்குக் குதிரைப் பித்து பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம். திருச்சியில் பெண்கள் விடுதியில் தங்கி இன்டர்மீடியட் முடித்ததும், குதிரை டாக்டர் ஆகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்தாள். நெல் வியாபாரியான அப்பா சிரிக்கவில்லை. "உங்க சித்தப்பா கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வரட்டும். அவன் சொல்றதுதான்" என்று முடித்துவிட்டார்.

அதாவது, என் எதிர்காலம் சித்தப்பாவின் ஒரு வார்த்தையில் தொங்கியது. அவருக்கோ குதிரை என்றாலே நடுக்கம். சின்ன வயதில் ஒரு ஜட்காக் குதிரை அவர் தோளைக் கடித்திருக்கிறது. அதிலிருந்து எந்த வண்டியிலும் பின்பக்கமாக ஏறி, பின்பக்கமே பார்த்து உட்காருவார். நகராட்சி அலுவலகத்தை எங்கள் ஊரில் 'மேரி' என்போம். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அங்கே குமாஸ்தாவாக இருந்தவர் சித்தப்பா. என்னை பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. என் பிரெஞ்சு 'போன்ழூர்' என்ற வணக்கத்தைத் தாண்டாது என்பதால் அது பேச்சோடு நின்றுவிட்டது. மிச்சமிருந்தவை இரண்டு: சென்னை, பம்பாய். சென்னை ஒரு ராத்திரிப் பயணம், உறவுக்காரர் உண்டு. பம்பாயில் எங்களுக்கு ஒரு ஈ காக்கை கூடத் தெரியாது.

காலை வண்டியில் புறப்பட்டோம். காரைக்காலிலிருந்து பேரளம் ஏறத்தாழ பதினான்கு மைல். வழியெல்லாம் அறுத்த வயல், ஆடு மாடு, வெயில். பேரளத்தில் இறங்கி, மாயவரம் போகும் வண்டிக்கு மாற வேண்டும். வண்டி எதிர்ப் பிளாட்பாரத்தில் தயாராக நின்றது. நான் ஓடிப்போய் இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தால் சித்தப்பாவைக் காணோம்.

பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், பிரெஞ்சு எல்லை இருந்தவரை பேரளத்தில் எல்லாரும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். சென்ட், கடிகாரம், துணி ஏதாவது ஒளித்துக் கொண்டுபோகிறோமா என்று கிளறுவார்கள். காரைக்கால் இந்தியாவோடு இணைந்த பிறகு அதெல்லாம் போய், சோதனை அறையும் மூடிக் கிடந்தது. ஆனால் ஆயுசு முழுக்கச் செய்த காரியம் லேசில் விடுமா? பூட்டிய அந்த அறை வாசலில், தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, கைகட்டி நின்றுகொண்டிருந்தார் சித்தப்பா. நான் இறங்கி ஓடினேன். "சித்தப்பா, சோதனையெல்லாம் எடுத்துட்டாங்க, வாங்க" என்றேன்.

"தெரியும்மா" என்று பெட்டியைப் பார்த்தபடி சொன்னார். "கால் தானா இங்க வந்துட்டுது."

அவர் வேட்டிகளை மறுபடி மடித்து வைத்துப் பூட்டுவதற்குள் வண்டி போய்விட்டது. அடுத்த ரயிலும் பஸ்ஸும் சாயங்காலம்தான் என்றார்கள். அதற்குக் காத்திருந்தால் ராத்திரிச் சென்னை வண்டியும் போய்விடும் என்று மாயவரத்துக்கு ஜட்கா பேசினோம். பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மூன்று ரூபாய் கேட்டார் வண்டிக்காரர். எனக்குக் கொள்ளை சந்தோஷம். சித்தப்பா வழக்கம்போலப் பின்னால் தொற்றிக்கொண்டார்.

"ஐயா, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க. பின்பாரம் ஆயிட்டுது, குதிரையைத் தூக்குது" என்றார் வண்டிக்காரர்.

"இவ்வளவு தூரம் போதுங்களா?" என்று ஒரு விரற்கடை நகர்ந்தார் சித்தப்பா. கடைசியில் பெட்டியை முன்னால் வைத்துத்தான் பாரத்தைச் சரிசெய்தோம்.

பாதி வழியில் குதிரையின் நடை மாறியது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது, பின்னங்கால் ஒன்றைத் தரையில் சரியாக ஊன்றவில்லை. இறங்கிப் பார்த்தால், லாடத்துக்கும் குளம்பின் நடுவிலுள்ள மெத்தையான சதைக்கும் இடையே ஒரு கல் சிக்கியிருந்தது. வண்டிக்காரர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். குதிரை தன் பாரத்தை அவர்மேல் சாய்த்ததால் அவருக்கு இரண்டு கையும் போதவில்லை. "பாப்பா, ஏர்க்கால்கிட்ட வளைஞ்ச ஆணி ஒண்ணு இருக்கும், எடுத்து நெம்பிடுறியா? ஐயா, நீங்க தலையைப் பிடிச்சுக்குங்க" என்றார்.

சித்தப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாலையில் வேறு யாருமில்லை. வந்து கடிவாளத்தைப் பிடித்தார். கை நடுங்கியது. மேரியில் பெரிய துரைகளிடம் பேசுகிற பணிவான பிரெஞ்சில், "தூஸ்மான், மெசியே, தூஸ்மான்" என்று, மெதுவாக ஐயா மெதுவாக என்று, குதிரையிடம் மன்றாடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் ஆணி வழுக்கிச் சதையில் குத்திவிடக் கூடாதே என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினேன். கல் விழுந்தது. குதிரை உதைக்கவில்லை. சித்தப்பா அந்தக் கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மாயவரத்திலிருந்து ராத்திரி வண்டி, விடிந்தால் எழும்பூர். சித்தியின் அண்ணன் வீட்டில் தங்கினோம். சென்னைக் கல்லூரியில் நன்றாகவே பேசினார்கள், சுற்றிக் காட்டினார்கள். பசு, எருமை, ஆடு, நாய் எல்லாம் வைத்தியத்துக்கு வந்திருந்தன. நாங்கள் போன அன்று குதிரை மட்டும் வரவில்லை. மத்தியானம் கிண்டிக்குப் போய், பந்தயக் குதிரை லாயத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். பம்பாயில் படித்தவர், காரைக்காலிலிருந்து வருகிறோம் என்றதும் காபி வாங்கிக் கொடுத்தார்.

"சென்னையில படிச்சா எவ்வளவு குதிரை கையால தொட்டுப் பாக்க முடியும் சார்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்மா, ஆனா நீங்களா தேடிப் போகணும். பம்பாய்ல தேட வேண்டியதில்லை. அங்க லாயமும் பந்தயமும் அதிகம், வாரம் பூரா வேலை இருக்கும்" என்றார். பெண்கள் தங்குவதற்கு பம்பாய் மாதுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு என்றும் சொன்னார்.

சித்தப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "உதைச்சா என்னங்க ஆவும்?"

டாக்டர் தன் இடது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் கோணலாக இருந்தன. "இப்படி ஆகும்" என்றார். சித்தப்பா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, பம்பாய் போச்சு என்று எனக்கு உள்ளே இடிந்து விழுந்தது.

மறுநாள் சென்ட்ரலில் பம்பாய் வண்டி பற்றி விசாரித்தோம். விசாரிப்பதில் என்ன நஷ்டம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஒருவர் சங்கிலியும் பூட்டும் விற்றுக்கொண்டிருந்தார். "பம்பாய் போறவங்க பெட்டியை சீட்டோட சேத்துக் கட்டாம தூங்காதீங்கம்மா" என்றார்.

"நாம எங்க பம்பாய் போறோம்" என்று சித்தப்பா நடையைக் கட்டினார்.

அன்று சாயங்காலம் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று போனவர் நெடுநேரம் கழித்து வந்தார். ஊர் திரும்பும் வண்டியில் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன முடிவு என்று கேட்டதற்கு, "அண்ணன்ட்டதான் சொல்லுவேன்" என்றார். கோபம் கோபமாக வந்தது.

பேரளம் வந்தது. காரைக்கால் வண்டிக்கு மாற வேண்டும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் நேராக அந்த மூடிய அறை வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், நானே மூடிவிடலாம் என்று குனிந்தேன். வேட்டிகளுக்கு அடியில், துண்டில் சுருட்டி, அந்தக் காலத்தில் சென்ட் பாட்டில் ஒளிப்பார்களே அதே பக்குவத்தில் ஏதோ இருந்தது. துண்டின் ஒரு ஓரத்தில் இரும்பு வளையம் எட்டிப்பார்த்தது. இழுத்தேன், சங்கிலியும் பூட்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். பிடிபட்டவர்போல விழித்தார்.

"உள்ள வை, உள்ள வை. அப்பாட்ட நான் இன்னும் சொல்லல" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு உன் கை நடுங்கலம்மா. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளித்துக் கொண்டுவந்தவரே திறந்து காட்டியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் கூடவே வருகிறது. பம்பாய்க்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை குதிரைகளோடுதான் இருந்தேன். இரண்டு முறை உதையும் வாங்கினேன், சித்தப்பாவிடம் ஒன்றைத்தான் சொன்னேன்.

இனி உங்களுக்கு. கல்லூரியின் பெயரை விசாரிக்கும் முன், அங்கே படிக்கிறவர்கள் எத்தனை குதிரையைத் தொடுகிறார்கள் என்று விசாரியுங்கள். பக்கத்தில் லாயம் இருக்கிறதா, தங்க இடம் உண்டா என்று பாருங்கள். குதிரை டாக்டர் ஒருவரிடம் அவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள், முடிந்தால் அவர் விரல்களையும் பாருங்கள். காரைக்கால் பக்கத்திலிருந்து புறப்படுகிறவர்கள் பேரளம் பாதையில் ரயில் உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் பல வருஷம் அந்த வழியில் ரயிலே ஓடவில்லை.

கடைசியாக ஒன்று. தூரப் பயணத்துக்குச் சங்கிலி நல்லதுதான். என்னை வழியனுப்ப சித்தப்பா சென்ட்ரல் வரை வந்தார். பெட்டியை சீட்டின் காலோடு கட்டிப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, இறங்கிப் போய் ஜன்னலோரம் நின்று அழுதார். வண்டி நகர்ந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. பம்பாயில் கூலியாள் பூட்டை உடைத்துத்தான் பெட்டியை இறக்கினார். வழியனுப்ப வருகிறவர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், சாவியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.