ஐந்தாவது கணினியும் அகன்ற மனமும்

கணினி விளையாட்டு நிலையம் நடத்துவது எளிய தொழில், வாடிக்கையாளரின் ரசனையைத் திருத்த முயலாதவரைக்கும். நல்லதென்று நம்பிய ஒன்றைப் பிறருக்குச் சிபாரிசு செய்து முகத்தில் கரி பூசிக்கொண்டவர்களுக்கு என் துயரம் விளங்கும். மன்னார் நகரில் நானும் தங்கை றொசானியும் நடத்தும் நிலையத்தில் ஐந்து கணினிகள். நான்கில் உதைபந்தாட்டமும் துப்பாக்கிச் சண்டையும். ஐந்தாவதில் நான் தேர்ந்தெடுத்த விளையாட்டு: வள்ளத்தில் போக வேண்டும், வலை விட வேண்டும், காத்திருக்க வேண்டும். எதிரி இல்லை, வெற்றி தோல்வி இல்லை, விளையாட ஆளும் இல்லை. விரும்பாதவர்கள் குறுகிய மனத்தினர் என்றேன். றொசானி கெடு வைத்தாள்: மாதா திருவிழாக் கொடியேறுமுன் ஒருவராவது தாமாகவே இரண்டாம் முறை வந்து அமராவிட்டால், அதிலும் உதைபந்தாட்டம்தான்.

முகில் பார்த்தவர்

தலைமன்னார் அந்தோனி அண்ணை, பக்கத்துக் கடையில் தம் வள்ளத்து எஞ்சினைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கடலோடிக்குக் கடல் விளையாட்டு. இதைவிடப் பொருத்தம் உண்டா? அமர்த்திவிட்டு வந்தேன். நெடுநேரம் கழித்துப் பார்த்தால், திரையில் வள்ளம் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அவர் கைகட்டி அமர்ந்திருக்கிறார்.

"என்ன அண்ணை, இன்னும் தொடங்கேல்லையோ?"

"முகில் நிக்கிற நிலையைப் பாருங்கோ தங்கச்சி. இந்தக் கச்சான் காத்துக்கு விசரன்தான் வள்ளம் இறக்குவான்."

இலக்கியம் படித்தவள்

முருங்கனில் தமிழ் கற்பிக்கும் சுதர்சினி என் பல்கலைக்கழகத் தோழி. ஒரு கவிதை வரியை ஒரு பாடவேளை முழுவதும் விளக்கக்கூடியவள். அவளாவது பொறுமை காப்பாள் என்று நம்பினேன். முதல் வலை நீரில் இறங்குமுன் கதிரையிலேயே நித்திரையானாள். எழுப்பி, "உனக்கும் மனம் குறுகிப்போச்சு" என்றேன். கொட்டாவியை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"ஒடியற்கூழ் பிடிக்காதெண்டு நீ தள்ளி வைக்கேக்கை, நான் உன்ரை மனசை அளந்து பாத்தனானோடி?"

இரண்டாம் வருகை

கொடியேற்றத்துக்கு முதல்நாள். உதைபந்தாட்டத்தை ஏற்றுவதற்காக றொசானி ஐந்தாவது கணினியை நெருங்கிய வேளையில் அந்தோனி அண்ணை விரைந்து வந்து அதன்முன் அமர்ந்தார். அன்று அவர் விட்ட இடத்திலிருந்தே விளையாட்டுத் தொடங்கியது. அவர் வள்ளத்தை அவிழ்த்தார், கரையில் இழுத்து ஏற்றினார், எழுந்தார். அவ்வளவுதான்.

"பிடிச்சுப்போச்சு என்ன, அண்ணை?" என்றேன், தங்கையைப் பார்த்துக்கொண்டே.

"ஆருக்குப் பிடிச்சுது? அந்தக் காத்துக்குள்ளை வள்ளத்தைத் தண்ணியிலை விட்டிட்டுப் போனனான், மனம் கேக்கேல்லை."

வழக்கும் தீர்ப்பும்

அவர் வந்தது வள்ளத்துக்காக, விளையாட்டுக்காக அல்ல என்று றொசானி வாதிட்டாள். தாமாக வந்தார், இரண்டாம் முறை அமர்ந்தார், நிபந்தனையில் வேறொன்றும் இல்லை என்றேன். விட்டுக்கொடுத்தாள், ஆனால் பதிலுக்கு ஒரேயொரு தடவை உதைபந்தாட்டம் விளையாடிப் பார்க்கச் சொன்னாள். "அந்த இழவைத் தொடமாட்டன், எனக்குப் பிடிக்காது" என்றேன்.

"பிடிக்காட்டி விடுங்கோ அக்கா. மனசுதான் ஒடுங்கிக் கிடக்குது, ஆஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டுங்கோ."

ஆகவே, என் விளையாட்டை வெறுப்பவருக்கு இருப்பது குறுகிய மனம், அவர்களுடையதை வெறுக்கும் எனக்கு இருப்பது உயர்ந்த ரசனை என்பதே, இத்தொழிலில் நான் எட்டியிருக்கும் நடுநிலையான முடிவு.