சேற்றுப்புண்ணைத் தேடித் திருப்பூர் போனது

எங்கள் வட்டாரத்தில் நடவுக்கு ஆள் வேண்டும் என்றால் ஒரு காலத்தில் என் வீட்டு வாசலுக்குத்தான் வரவேண்டும். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். அப்படிப்பட்டவன் சொந்தமாக வேன் வாங்கி, திருவாரூரிலிருந்து திருவையாறு வரைக்கும் பெண்களை நடவுக்கு அனுப்பினேன். பத்து ஆள் என்று வாக்குக் கொடுத்தால் பத்து ஆள் வயலில் இறங்கியிருக்கும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் நாத்தனாரை ஏற்றிவிடுவேன். வயல்காரருக்குத் தலைக்குத் தலை சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதானே? இந்தக் கணக்கில் நான் தோற்றதே கிடையாது, என் மகளிடம் தவிர.

மகள் டாக்டர். எங்கள் தெருவுக்கே முதல் டாக்டர். தோல் வைத்தியத்தில் மேல்படிப்புப் படிக்கும்போது, ஆராய்ச்சி ஒன்று செய்து காட்டினால்தான் பட்டம் என்றார்கள். அவள் எடுத்துக்கொண்டது சேற்றுப்புண். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற பெண்களுக்குக் கால்விரல் இடுக்கு வெளுத்து வெந்து போகுமே, அதுதான். அதற்குப் புதிதாக ஒரு களிம்பு வந்திருந்தது. விலை கூடுதல். பழைய களிம்பைவிட அது உண்மையிலேயே நல்லதா என்று பார்க்கவேண்டும். ஆளுக்குத்தான் நான் இருக்கிறேனே! ஓர் அதட்டல் போட்டால் எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றேன். “அதட்டாதீங்கப்பா, அவங்களா சம்மதிக்கணும்” என்று ஒவ்வொருத்தி பக்கத்திலும் அவளே உட்கார்ந்து விளக்கிச் சொன்னாள்.

சம்மதித்தவளுக்கு ஒட்டிய கவர் ஒன்றைப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கிற நம்பர் போட்ட டியூப்புதான் அவளுக்கு. பாதி டியூப்பில் பழைய களிம்பு, பாதியில் புதுசு; ஆனால் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி.

“என் தங்கச்சிக்குப் புது மருந்தா பாத்துக் குடும்மா.”

“எது புதுசுன்னு எனக்கே தெரியாதுப்பா. தெரிஞ்சா வேண்டியவங்களுக்கு நல்லதாப் பாத்துக் குடுத்துடுவேன்ல?”

“ஆராய்ச்சி பண்றவளுக்கே தெரியாதா! நல்லா இருக்கு உன் படிப்பு.”

வாரா வாரம் வந்து காலைக் காட்டிவிட்டுப் போனார்கள், எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரத்து நின்று, நடவு பாதியில் படுத்துவிட்டது. போர் செட் வயலில் வேலை கிடைத்தவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் திருப்பூர் பஸ் ஏறி பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கடைசியாகக் காலைக் காட்டவேண்டிய நாளில் மகள் முன்னால் போட்டிருந்த பெஞ்சு முக்கால்வாசி காலி. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஆராய்ச்சி போனால் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு என்று நினைத்தேன்.

மறுநாளே கூத்தாநல்லூர் பக்கத்துப் போர் செட் வயல்களிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினேன். அத்தனை பேருக்கும் அசல் சேற்றுப்புண்.

“இந்தா, போனவங்களுக்குப் பதிலாள். தலைக்குத் தலை சரி.”

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். வந்தவர்களைச் சும்மா அனுப்பவில்லை. எல்லோருக்கும் வைத்தியம் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பினாள். அப்புறம்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நடவுன்னா யார் நட்டாலும் பயிரு வந்துடும். இதுல அப்படி இல்லப்பா. போனவ ஏன் போனா, அவ கால் என்ன ஆச்சு, அது தெரியணும். ஆறிப்போயும் போயிருக்கலாம். எரிச்சல் தாங்காம மருந்தைத் தூக்கிப் போட்டுட்டும் போயிருக்கலாம். மிச்சம் இருக்கிறவங்கள மட்டும் எண்ணினா, ஜெயிக்காத மருந்து ஜெயிச்ச மாதிரி தெரியும்.”

“ஜெயிச்சா நல்லதுதானே? பட்டம் குடுத்துடுவாங்க.”

“பொய்யா ஜெயிச்சா அந்த மருந்தை யாரு கால்லப்பா போடுவாங்க? நம்ம ஆளுங்க கால்லதானே?”

எனக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. படித்தவர்களுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது. சாய்ந்த பயிரை விட்டுவிட்டு நின்ற பயிரை மட்டும் அறுத்து மூட்டை காட்டினால், எந்த வயலும் நல்ல வயல்தான். “சரி, வண்டியில ஏறு” என்றேன்.

திருப்பூரில் என்னைத் தவிர வேறு யாராலும் அவர்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது. யார் எந்தச் சொந்தக்காரி வீட்டில் தங்குவாள் என்று எனக்குத் தெரியும். கம்பெனி வாசலில் முதலில் வெளியே வந்தவளே வாயைத் திறந்துவிட்டாள்.

“அடியே, மேஸ்திரி அண்ணன் இங்கயும் வந்துட்டாருடி! என்னண்ணே, பனியன் நடணுமா?”

“நடவும் வேணாம், ஒண்ணும் வேணாம். காலைக் காட்டு.”

“காலைப் பாக்கவா இவ்வளவு தூரம்? பொண்ணு பாக்க வந்தவங்ககூட என் காலைப் பாக்கல.”

கால் சுத்தமாக ஆறியிருந்தது. “சிமெண்டுத் தரையில நிக்கிறேன், அதான் ஆறிப்போச்சு. உங்க டியூப்பை வர்ற பஸ்ஸிலேயே விட்டுட்டேன் டாக்டரம்மா” என்றாள். மகள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியே எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கேட்டேன்: “மருந்தையே தொடாதவளை எப்படிம்மா கணக்குல சேர்ப்ப?”

“எந்தக் கவர் வந்துச்சோ அந்த மருந்துப் பக்கத்துலதாம்ப்பா அவளுக்கு இடம். நாளைக்கு ஊருக்கே அந்த மருந்தைக் குடுத்தாலும் நாலு பேரு பஸ்ஸுல விடத்தானே போறாங்க?”

ஒருத்தியைத் தவிர எல்லோர் காலையும் பார்த்துவிட்டோம். அவள் சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போனாள் என்றார்கள். அங்கேயும் ஆளை விட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் மகள் மறைக்காமல் எழுதிவைத்தாள்.

தேர்வு நாளில் காலேஜ் வாசலில் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வெளியே வந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“எந்த நம்பர் எந்த மருந்துன்னு பிரிச்சுப் பாத்தாச்சு, ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. புதுசுல பெருசா ஒண்ணும் இல்ல.”

“அப்ப பட்டம்?”

“பாஸ்ப்பா. போனவங்கள எப்படித் தேடிப் பிடிச்சீங்கன்னுதான் முதல்ல கேட்டாங்க. எங்கப்பான்னு சொன்னேன்.”

மருந்து ஜெயிக்கவில்லை என்று சொல்லிப் பட்டம் வாங்கியவள் எங்கள் பக்கத்தில் என் மகள் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

அடுத்த வருஷம் தண்ணீர் வந்தது. திருப்பூர்க்காரியும் நடவுக்குத் திரும்பிவந்தாள். வேனில் ஏறும்போதே கேட்டாள்: “புது மருந்து எங்கண்ணே?”

“பழசே போதும். விலையும் குறைச்சல்.”

“இதைச் சொல்லத்தான் டாக்டரம்மாவைக் கூட்டிக்கிட்டு திருப்பூர் வரைக்கும் வந்தீங்களா?”

“ஆமா” என்று சொல்லி, பழைய டியூப்பை அவள் கையில் கொடுத்தேன். “இதையாவது பஸ்ஸுல விடாதே.”