ஒருக்கா அடித்தால் ஓம்

என் கணவர் கதைக்காத மனிதர். கணிதம் படிப்பிக்கிறவர், எந்தக் கேள்விக்கும் விடை ஒரு வரிக்குள் முடியவேண்டும் என்று நினைக்கிற ரகம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நான்தான் கதைத்து வருகிறேன்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த மாதங்களில் எங்கள் சின்னக் காரும் முற்றத்தில் படுத்துவிட்டது. உப்புவெளியிலிருந்து ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்கிற கந்தோருக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக எனக்கு ஏலாது. ஒருநாள் காலை இவர் பின்பக்கம் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்தார். கரியரில் ஒரு தலையணையைக் கட்டினார். "ஏறு" என்றார்.

"விழுத்திப் போடுவியள்."

"ஏறன்."

என் பருமனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காகவே ஏறினேன்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததையெல்லாம் முதுகுக்குச் சொல்லலாம் என்பது அந்தக் கரியரில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது. கந்தோரில் பட்ட அவமானம், தங்கச்சியோடு வந்த மனத்தாங்கல், இவர் மேலேயே எனக்கிருந்த பழைய கோபங்கள், எல்லாம் சொன்னேன். மிதித்துக்கொண்டு மறுமொழி சொன்னால் அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் பெல்லை அடிப்பார். ஒருக்கா அடித்தால் ஓம். இல்லை என்பதற்குச் சத்தம் கிடையாது, சும்மா மிதிப்பார்.

இதில் ஒரு கூத்து நடந்தது. கிண்ணியாவிலிருந்து வந்து தெருவோரம் தயிர்ச்சட்டி வைத்து விற்கிற ஒருவர், இவர் எனக்கு அடித்த பெல்லைத் தனக்கு என்று நினைத்துவிட்டார். "சேர், ஒண்டு எடுத்து வெக்கவா?" என்று கையைத் தூக்குவார். மனிதரை ஏமாற்றக்கூடாதென்று பின்னேரம் திரும்பும்போது வாங்குவோம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மூன்று நேரமும் தயிர்தான். அப்படித்தான் அவருடைய மகளின் பரீட்சையும் மனைவியின் முழங்கால் வலியும் எங்கள் வீட்டுக் கவலையாகின. அதுவரை ஹோர்ன் அடித்து மட்டுமே பழகிய எத்தனையோ முகங்கள் பக்கத்தில் சைக்கிளில் வந்து சுகம் விசாரித்தன. இவருடைய சீனி வருத்தமும் இறங்கியது. பெல்டில் புது ஓட்டை போட்டார். எனக்கோ படுத்தால் நித்திரை.

மகன் கனடாவில் இருக்கிறான். எங்களையும் வந்துவிடச் சொல்லி ஓயாமல் கேட்பான். ஒருநாள் காலை, உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரிகிற வளைவில், இவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, எனக்குப் போக விருப்பமில்லை. நாங்கள் இஞ்சையே இருப்பம்."

அழுகை வந்தது. முதுகுக்கு அது தெரியாது. கொஞ்சத் தூரம் சும்மா மிதித்தார். பிறகு பெல் ஒருக்கா அடித்தது. தயிர்க்காரர் கையைத் தூக்கினார். அன்றும் தயிர்.

பிறகு பெற்றோல் வந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு போகிறோம். தயிர்க்காரர் எங்கள் காரைத் தெருவில் போகிற இன்னொரு காராகத்தான் பார்க்கிறார். அவருடைய மகள் பரீட்சையில் என்ன செய்தாள் என்று இன்றுவரை தெரியாது. இவருக்குப் பெல்டுக்கு மேலால் வண்டி திரும்ப வைத்துவிட்டது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் எனக்கு வாய் வராததுதான். அந்த முதுகு எனக்கு வேண்டியிருக்கிறது. இந்த வயதில் புருஷனின் முதுகுக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது?

இதற்குள் மகன் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற அலுவல்களை அங்கே தொடங்கிவிட்டான். தொலைபேசியில் அவன் சொல்வதையெல்லாம் இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவனுக்கு இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. அன்று அடித்த பெல் இன்னும் செல்லுமா என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை அதே வளைவில் வாகனங்கள் நெருங்கி, கார் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று ஸ்டியரிங்கில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"நாங்கள் இஞ்சைதானே இருப்பம்?"

அவர் முன்னால் பார்த்தபடியே இருந்தார். இடது கட்டைவிரல் மட்டும், பெல் இருந்திருக்கவேண்டிய இடத்தில், ஒருக்கா அழுந்தியது. தனக்கே தெரியாமல் செய்தாரோ என்னவோ.

"விரல் மட்டும் காணாது. எனக்குச் சத்தம் கேக்கோணும்" என்றேன்.

முன்னால் நின்ற வாகனம் நகர்ந்தது. அவர் கியரை மாற்றினார். தயிர்க்காரரைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கினார்.

"சைக்கிளின்ரை பின் சில்லுக்குக் காத்தடிக்கோணும்" என்றார்.