செவலைக் கோழி ஏலம்

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தேன். பக்கத்து சர்ச்சில் அறுப்பின் பண்டிகை; காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் "ஒரு தரம்" என்றதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

எங்கள் ஊர் சர்ச்சுக்கு, நான் வளர்த்த செவலைக் கோழியை அம்மா காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். நான் அழுதபடி இருந்தேன். ஏலத்தில் ஆண்கள் பக்கம் ஒருவர் விலை கேட்க, பெண்கள் பக்கம் ஒருவர் ஏற்றினார். நடுவில் பெரிய தூண் மறைத்தது; கூச்சலில் யார் குரலென்றும் தெரியவில்லை. விலை நூறு ரூபாயைத் தாண்டியதும் இருவரும் தூணுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்கள். அப்பாவும் அம்மாவும்! சபையே சிரித்தது.

"நம்ம கோழிக்கு நாமளே வெலை ஏத்திகினு கீறோமே," என்றார் அப்பா.

"அது எப்பங்க நம்முளுதா இருந்துச்சி? ஆண்டவரு குடுத்தது," என்றார் அம்மா.

அடுத்த வருடமும் அம்மா அதே கோழியைத்தான் கொடுத்தார். அப்பா மட்டும் அம்மா கண்ணில் படும்படி, தூணுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.